சான்சிபார் துணியின் நான்காவது மூலை

நூதனசாலையில், அதுதான் அருங்காட்சியகத்தில், வேலை செய்தேன் என்று சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் உடனே கேட்பது, காவலா துப்பரவா என்பதுதான். போன மாதம் சபையில் ஆராதனை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து வந்த ஒருவரும் அதையே கேட்டார். "ரெண்டும் இல்லை அண்ணை, பழந்துணி பாக்கிற வேலை" என்றேன். "அப்பிடியும் ஒரு வேலை இருக்கோ, பாவம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. கேக் நன்றாக இருந்தபடியால் அடங்கிவிட்டது.

அதே கிழமை நூதனசாலையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. நாங்கள் வேலை செய்த துணி அறையை மூடுகிறார்களாம். பொருட்களெல்லாம் இனி வேறு ஊரில் உள்ள பொதுக் களஞ்சியத்துக்குப் போகப் போகின்றன. அந்த அறையில் எந்த முறையில் வேலை நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று இப்போது அங்கே இருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். டேனிஷில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒற்றுத்தாள், வடித்த நீர், குளிர்ப்பெட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த இரண்டு பக்கத்தில் அடங்காததைத் தமிழில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் அந்த அறைக்குப் போனது ஒரு கெட்ட காலத்தில். அதற்கு முன்பு ஹேர்னிங்கில் பதினான்கு வருடம் ஒரு துணி ஆலையில் இருந்தேன். பிழை பிடிப்பதுதான் என் தொழில். வெளிச்சம் போட்ட சாய்வு மேசையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்த இடம், சாயம் திட்டான இடம், அச்சு விலகிய இடம் எதைக் கண்டாலும் இயந்திரத்தை நிறுத்தி, அதில் ஒரு சின்னத் துண்டு வெட்டி அறிக்கையோடு குத்திவிட வேண்டும். அதற்கென்று எல்லோரும் சட்டைப்பையில் ஒரு சிறு கத்தரி வைத்திருப்போம். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று ஆலையில் பெயர். கலியாண வீட்டிலும் மற்றவர்களின் சேலைக் கரையில் பிழை தேடுகிறேன் என்று என் மனைவி ஜெயா எனக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள். பிறகு ஆலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொமூன என்கிற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண் என் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, துணி தெரிந்த ஆள் நூதனசாலைக்குத் தேவையாம் என்று மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினாள். அந்த மூன்று மாதம் இருபத்தொரு வருடமாகிவிட்டது.

துணி அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கியர்ஸ்டன். நெடிய, மெலிந்த பெண். கழுத்தில் பூதக்கண்ணாடி எந்நேரமும் தொங்கும். டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள்; கியர்ஸ்டன் பேசியதை எழுதும்போது அந்தச் சொல்லை எங்கள் 'நீர்' ஆக்கித் தருகிறேன், அதுதான் அவருக்குப் பொருந்தும். காலையில் வந்ததும் முழங்கை வரை கையைக் கழுவுவார். பருத்தித் துணிக்குக் கையுறை போடமாட்டார். கையுறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது என்பார்.

புதிதாக ஒரு துணி வந்தால் அதைப் பொலித்தீனில் சுற்றி இரண்டு கிழமை குளிர்ப்பெட்டியில் வைப்போம். பூச்சியும் முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்து ஒரு நாள் அப்படியே விடுவோம். மறுநாள் மேசையில் விரித்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் அவரும் அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் நானும் இருப்போம். தொடக் கூடாது. கோப்பி நேரம் வரும் வரை பார்க்க மட்டும்தான் வேண்டும். முதல் மாதத்தில் எனக்கு அது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. ஆலையில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை முழம் ஓடியிருக்கும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு கேட்பார்: "என்ன தெரியுது உமக்கு?"

"இது ஒரு தோட்டக்காரன்ரை சட்டை."

"அது நீர் நினைக்கிறது. தெரியிறது என்ன?"

"முழங்கையிலை மூண்டு ஒட்டு. மூண்டும் வேற வேற கை தைச்சது."

"இப்ப சரி."

தெரிந்ததை மட்டும் அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். பேனை அந்த அறைக்குள் வரக்கூடாது. கத்தரிக்கோல் அவருடைய மேசையின் பூட்டிய இழுப்பறையில், எங்கள் பேச்சில் லாச்சியில், இருக்கும். அதை எடுப்பதென்றால் காரணம் எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். என் சட்டைப்பையில் ஆலைக் கத்தரி கிடந்ததை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. மூக்குக்கண்ணாடி மாதிரி அது என் உடம்போடு சேர்ந்த பொருளாகிவிட்டது. அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளிக்கிழமைக் காலைகள்தான். அவர் பணிஸ் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவருவார். துணிக்கு அருகில் சாப்பாடு கூடாது என்பதால், பனியென்றாலும் வெளியே ஏணிப்படியில் இருந்து சாப்பிடுவோம். கை விறைக்கும். அவரிடம் நான் கேட்ட பகிடிகளெல்லாம் அந்தப் படியில் கேட்டவைதான்.

நான் சொல்ல வந்த சங்கதி நடந்தபோது அங்கே சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாலு மாதத்தில் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். களஞ்சியத்தில் இடம் போதாமல், வேண்டாததைக் கழிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. கியர்ஸ்டனின் மகளுக்குக் கொப்பன்ஹேகனில் பிள்ளை பிறந்ததால் அவர் ஒரு கிழமை லீவில் போனார். போகும்போது முப்பது உருப்படியை என்னிடம் விட்டு, முதல் அபிப்பிராயத்தை எழுதி வைக்கும்படி சொன்னார். எனக்கு ஒரே புளுகமும் சந்தோஷமும்.

அதில் ஒரு மரப்பெட்டி. லிம்ஃபியோர்டுப் பக்கத்து ஒரு குடும்பம் கொடுத்தது. அவர்களுடைய மூதாதை ஒருவர் பாய்க்கப்பலில் உதவித் தலைவராக இருந்து ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்வந்தவர். பெட்டிக்குள் சோகி என்று நாங்கள் சொல்லும் கடற்சோழிகள், ஒரு சோடி தோல் செருப்பு, மரச் சீப்பு, மடித்த ஒரு துணி. துணியோடு ஒரு கடுதாசித் துண்டு. பழைய கோணல் எழுத்து. எனக்கு வாசிக்க வரவில்லை, விட்டுவிட்டேன்.

துணியை விரித்தேன். முக்காலியில் இருக்கவில்லை. இருக்க என்ன தேவை, எனக்குத்தான் ஒரு பார்வையில் தெரிந்துவிட்டதே. வெளுக்காத மொத்தப் பருத்தி, ஆலை நெசவு. அதன்மேல் கருமையாக மொட்டு மொட்டாக அச்சு. வரிசை வளைந்து போகிறது. ஓரிடத்தில் சாயம் கூடிப்போய்த் திட்டாக நிற்கிறது, ஓரிடத்தில் மங்கல். சில மொட்டுக்கள் தலைகீழ். ஒரு மூலையில் மூன்று அச்சு ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. ஆலையில் இப்படி ஒன்று வந்திருந்தால் அச்சடித்தவனைக் கூப்பிட்டுக் காதைத் திருகியிருப்பேன். கை தானாகவே பைக்குள் போனது. அந்த மூலையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, சாயம் நிற்கிறதா பார்க்கத் தண்ணீரில் போட்டேன். கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் கறுத்திருந்தது. துண்டில் அச்சு ஒன்றும் மிஞ்சவில்லை.

அட்டையில் எழுதினேன்: "ஆலைக் கழிவு. அச்சுப் பிழை. சாயம் நிற்காது. வைத்திருக்கத் தேவையில்லை." எழுதி முடித்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. அந்த அறையில் கத்தரி வைத்துவிட்டேன். படம்கூட எடுக்கவில்லை. வெட்டு உள்ளே போகும்படி துணியை மடித்து, வெளுத்த துண்டை ஒரு உறையில் போட்டு என் மேசை லாச்சியின் அடியில் வைத்தேன்.

கியர்ஸ்டன் வந்து அட்டைகளை வாசித்தார். "ஆலைக் கண் பாத்திருக்குது, நான் என்ன சொல்ல" என்று சிரித்துக் கையெழுத்து வைத்தார். துணி கழிக்கிற தட்டுக்குப் போனது. மாத முடிவில் ஒரு வான் வண்டி வந்து அந்தத் தட்டில் உள்ளவற்றைப் பழுதுபார்ப்புப் படிக்கிற மாணவர்களுக்கு எடுத்துப் போகும். அவர்கள் வெட்டியும் கழுவியும் பழகுவார்கள்.

கப்பற்காரர் கொண்டுவந்த பொருட்களை வைத்துச் சின்னதாக ஒரு கண்காட்சி போட கியர்ஸ்டனுக்கு ஆசை. அந்தக் கரையைத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று மொழிப் பள்ளியில் விசாரித்து ஸைனபுவைப் பிடித்தார். மொம்பாசாவில் பிறந்தவர், ஐம்பது வயது இருக்கும், ஹொல்ஸ்டெப்ரோவில் முதியோர் இல்லத்தில் வேலை. லீவு நாளில் தானே கார் ஓட்டி வந்தார். செருப்பைப் பார்த்தார், சீப்பை முகர்ந்து பார்த்தார், சோகியைக் கண்டு, "இதுக்கோ கப்பல் ஏறினவர்?" என்று சிரித்தார். கியர்ஸ்டன் கடுதாசித் துண்டை எடுத்து மெதுவாக வாசித்தார்: சான்சிபார், எங்கள் உடுப்புத் துவைத்த பெண் புறப்படும்போது தந்த துணி.

"எங்கை துணி?" என்று ஸைனபு கேட்டார்.

நான் போய்த் தட்டிலிருந்து எடுத்து வந்தேன். முழுக்க விரிக்கவில்லை. பாதிதான் விரித்தேன், வெட்டிய மூலை அடியில் போகும்படி.

எங்கள் விதி ஒன்றும் தெரியாமலே ஸைனபு தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது ஆலையிலை அடிச்ச அச்சில்லை. கையாலை குத்தினது" என்றார். "வெறுந்துணியை அடிமைக்குக் குடுப்பினம். பூப்போட்டது உடுக்கேலாது, தலையை மூடேலாது. விடுதலை கிடைச்ச பிறகு பெண்டுகள் முதல் செய்தது இதுதான் எண்டு அம்மா சொல்லுவா. புதுசு வாங்க வழியில்லாதவை அதே துணிக்குத் தாங்களே பூக் குத்தினவையாம். கிழங்கை வெட்டியோ மரக்கட்டையைச் செதுக்கியோ. இது அதுதான் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா நான் கேட்ட கதை இப்பிடித்தான் இருக்கும்."

"உம்மடை அம்மாவின்ரை ஆக்கள் அடிமையா இருந்தவையோ?" என்று கியர்ஸ்டன் கேட்டார். டேனிஷ்காரர் இதையெல்லாம் நேரடியாகக் கேட்பார்கள்.

"அம்மாவின்ரை பக்கம் இருந்தவை. அப்பாவின்ரை பக்கம் அடிமை வைச்சிருந்தவை. வீட்டிலை அப்பாவின்ரை பக்கத்தை மட்டும்தான் சொல்லுவினம்."

அன்று பின்னேரம் கியர்ஸ்டன் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களை நானும் புரட்டினேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வெளுக்காத துணிக்கு அந்தக் கரையில் மெரிக்கானி என்று பெயர். இந்த மெரிக்கானியைச் சுமைசுமையாக உள்நாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் யானைத் தந்தமும் ஆட்களும் வாங்கினார்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்களில் இந்தியாவின் மேற்குக் கரை வியாபாரிகளும் இருந்தார்கள். வாங்கிய ஆட்களை நடத்திக் கரைக்குக் கொண்டுவந்து, சான்சிபாரில் விற்று, கராம்புத் தோட்டங்களில் வேலைக்கு விட்டு, அவர்களுக்கு அதே துணியை உடுத்தினார்கள். நான் கழிவு என்று எழுதிய துணி இந்த வழியெல்லாம் வந்திருக்கிறது. நாளைக் காலையில் மூன்று பேருமாக முழுதாய் விரித்துப் பார்ப்போம் என்று கியர்ஸ்டன் சொல்லிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன். அவள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வெட்டினதை ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"பிறகென்ன? பூச்சி அரிச்சதெண்டு சொல்லுங்கோ."

"பூச்சி நேர்கோட்டிலை அரிக்குமோ? அதோடை அது பருத்தியைத் தின்னாது."

"அப்ப வரேக்கையே மூலை இல்லையெண்டு சொல்லுங்கோ. நாலு மாசம் பல்லைக் கடிச்சால் வேலை நிரந்தரம். ரெண்டு பிள்ளையளும் படிக்குதுகள். அரிச்சந்திரன் வேஷம் போட உங்களுக்கு இதுதானோ நேரம்?"

அவள் சொன்னது பிழையென்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சாப்பிட்டுவிட்டு இருந்தபோது என் தகப்பனாரின் தகப்பனார் நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்த ஒருவர் தோளில் சால்வையோடு வாசற்படலைக்குள் வந்துவிட்டார். பெரியவர் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் சால்வையை இழுத்து இடுப்பில் கட்டினார். நான் சின்னப்பிள்ளை, விறாந்தையில் நின்று பார்த்தேன். அதற்கு முந்தின காலத்தில் அவருடைய சாதிப் பெண்கள் மேற்சட்டை போடவும் விடவில்லையாம். இதெல்லாம் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்பட்ட கதைகள். யார் எந்தத் துணியை எப்படி உடுக்கலாம் என்று கட்டளை போட்ட வீட்டில் பிறந்தவன் நான். இன்னொரு நாட்டில் ஒருத்தி அப்படியொரு கட்டளையை மீறிக் குத்திய பூவை, பிழை என்று கத்தரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை ஜெயாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் மற்றவர்கள் வருமுன்பே துணியை நானே முழுக்க விரித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக முக்காலியில் இருந்து அதைப் பார்த்தேன். தலைகீழ் மொட்டுக்கள் பிழையல்ல. உடுத்தும்போது துணியின் ஒரு பாதி தோளுக்குப் பின்னால் விழும். அந்தப் பாதியிலும் மொட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று திருப்பிக் குத்தியிருக்கிறாள். சாயம் மங்கிக்கொண்டு போகும், பிறகு திடீரென்று கருக்கும். அச்சைத் தோய்த்தெடுத்த இடங்கள் அவை. எத்தனை மொட்டுக்கு ஒருதரம் தோய்த்தாள் என்று எண்ணக்கூட முடிந்தது. மூன்று மூலைகளில் ஒவ்வொரு மொட்டு வெளிப்பக்கம் பார்த்து நின்றது. நான்காவது மூலையில் என் வெட்டு, ஓரம் பளிச்சென்று வெள்ளையாக.

கியர்ஸ்டனும் ஸைனபுவும் வந்தார்கள். கியர்ஸ்டன் பூதக்கண்ணாடியோடு குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"புது வெட்டு. நான்தான் வெட்டினனான்" என்றேன். கத்தரியை மேசையில் வைத்தேன். உறையை எடுத்துவந்து வெளுத்த துண்டை அதன் பக்கத்தில் வைத்தேன். "பிழையெண்டு நினைச்சன். ஆலைப் பழக்கம்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போய்க் கையைக் கழுவினார், நன்றாக நேரமெடுத்து. திரும்பி வந்து, "அதிலை என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"மூண்டு மொட்டு. ஒண்டின்மேலை ஒண்டு."

"குத்திப் பாத்திருக்கிறாள்" என்றார் ஸைனபு. "முதல் மூலையிலை. எப்பிடி விழுதெண்டு பாத்திட்டுத் துவங்கியிருக்கிறாள்."

கியர்ஸ்டன் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "நினைவிருக்கேக்கை படமாக் கீறும்." கீறினேன். அந்தப் பெண் முதன்முதலாகக் குத்திப் பார்த்த இடத்துக்கு இன்றைக்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி என்னுடைய அந்தக் கோணல் படம்தான்.

அந்த மாதம் வான் அந்தத் துணி இல்லாமல் போனது. நான் அபிப்பிராயம் எழுதிய முப்பது உருப்படியையும் இருவரும் முக்காலியில் இருந்து திரும்பப் பார்த்தோம். விஷயம் மேலிடத்துக்குப் போய், என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஜெயா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதைவிடப் பேசாமல் இருந்தது நல்லது. கியர்ஸ்டன் அந்தத் துணியைப் பற்றி என்னிடம் பிறகு ஒருபோதும் குத்திப் பேசியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பணிஸ் கொண்டுவந்தார். அப்படியொரு மேலாளருக்குக் கீழே வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவர் காலமாகி ஆறு வருடமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் மனம் இப்போதும் அவரைத் தேடும்.

கண்காட்சிக்கு முதல் நாள் துணியைக் கண்ணாடிக்குள் வைத்தோம். வெளுத்த துண்டையும் என் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஸைனபு பிடிவாதமாக நின்றார். கியர்ஸ்டன் தயங்கி, பிறகு சம்மதித்தார். கடைசியாக அட்டையைச் சரிபார்க்க ஸைனபு சத்தமாக வாசித்தார். கொண்டுவந்தவர்: கப்பற்காரனின் முழுப்பெயர். கொடுத்தவர்: அந்தக் குடும்பத்தின் பெயர். பொறுப்பு: கியர்ஸ்டனின் பெயர். மூலையை வெட்டியவர்: என் பெயர், நானே எழுதியது. செய்தவர்: தெரியாது.

அங்கே நிறுத்தினார்.

"இது பொய்" என்றார். "கிழமைக்குக் கிழமை அவன்ரை சட்டையை அவள்தானே கொண்டுபோய்த் துவைச்சவள். பேரைக் கேட்டிருக்கலாம்."

கியர்ஸ்டன் என்னைப் பார்த்தார். பென்சிலையும் அழிறப்பரையும் என் பக்கம் தள்ளினார். 'தெரியாது' என்பதை அழித்தேன். அந்த இடத்தில், 'ஒருவரும் கேட்கவில்லை' என்று எழுதினேன்.